கடைசி வசனத்தை ஒத்திகையில் சொல்வதில்லை

முதல் நாள் அந்த வீட்டுக்கு நான் ஊதா நிறக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மலிவு விற்பனையில் வாங்கியது. நல்ல விலைக்கு வாங்கிவிட்டேன் என்று எனக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கதவைச் சங்கிலியோடு திறந்த அந்த வயதான அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்த்தார். பார்த்தவுடன் பின்னால் நகர்ந்தார்.

"அதைக் கழற்றி வெளியே வை. பிறகு உள்ளே வா," என்றார், இத்தாலிய மொழியில்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒஸ்லோ நகரசபையின் வீட்டுப் பராமரிப்பு வேலையில் எத்தனையோ வாசல்களில் நின்றிருக்கிறேன். என் தோலைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு, என் உடுப்பில் ஒட்டிக்கொண்டு வந்த தாளித வாசத்துக்கு மூக்கைப் பொத்தியவர்கள் உண்டு. சட்டையின் நிறத்துக்குப் பயந்தவர் இவர் ஒருவர்தான். "இது நல்ல சட்டை, சின்யோரா," என்று நானும் அதே மொழியில் திருப்பிக் கொடுத்தேன். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

இத்தாலிய மேடைக்காரர்களுக்கு ஊதா ஆகாது என்று பிறகு விளக்கினார். ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலத்தில் பாதிரிமார் ஊதா அங்கி போடுவார்களாம். அந்த நாட்களில் முற்காலத்தில் நாடகக் கொட்டகைகளைப் பூட்டிவிடுவார்கள், நடிகர்கள் பட்டினி கிடப்பார்கள். அதிலிருந்து அந்த நிறத்தைக் கண்டாலே ஏதோ வரப்போகிறது என்று நெஞ்சு திக்கென்னும். நானும் வெள்ளிக்கிழமை நகம் வெட்டாதவள்தான், அதனால் சிரிக்கவில்லை. சட்டையை வெளியே கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டு வேலை செய்தேன். திரும்பும்போது சட்டையைக் காணவில்லை. யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.

என்னை அங்கே அனுப்பியதற்குக் காரணம் என் இத்தாலிய மொழி. நான் பிறந்தது பலெர்மோவில். யாழ்ப்பாணத்திலிருந்து போன அப்பாவும் அம்மாவும் அங்கே வீடுகளில் துப்புரவு வேலை செய்தார்கள். கல்யாணம் கட்டித்தான் நோர்வேக்கு வந்தேன். பிள்ளைகள் ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் வளர்ந்து நோர்வேஜிய மொழியில் சண்டை பிடிக்கிறார்கள். என் இத்தாலிய மொழி பல வருடங்களாகப் பேச ஆளில்லாமல் எனக்குள் சும்மா கிடந்தது. அந்த அம்மாவுக்கோ மறதி நோய் தொடங்கியிருந்தது. பிந்திப் படித்த நோர்வேஜிய மொழி முதலில் போயிற்று. ஒரு தேநீர் வேண்டும் என்று கேட்கக்கூட முடியாமல் அவர் பராமரிப்பாளர்களைத் திட்டித் துரத்திக்கொண்டிருந்தபோதுதான் அலுவலகத்தில் யாருக்கோ என் ஞாபகம் வந்தது.

இத்தாலியில் அவர் பெயர் தெரியாதவர்கள் அந்தக் காலத்தில் இல்லை. ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவில் பிறந்தவர். உடுப்புப் பெட்டியின் மூடிதான் தொட்டில். கைக்குழந்தை வேண்டிய காட்சியில் குழந்தையாகவே மேடையேறினார். பெரிய நடிகைக்குத் தொண்டை கட்டிய ஒரு நாள் அவருடைய பாத்திரத்தை ஏற்று, அதன் பிறகு யாருக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை. "எனக்கு வெட்கமே கிடையாது," என்று அதைச் சொல்லிச் சிரிப்பார். பெரிய நகரங்களின் அரங்குகள், தென்னமெரிக்கப் பயணம், கப்பலில் காய்ச்சலோடு ஆடிய நாடகம் என்று எல்லாம் கதை கதையாக வரும். ஒஸ்லோவுக்கு ஆட வந்தபோது இங்கே விளக்குப் போடும் வேலையில் இருந்த ஒரு மனிதரைக் கண்டார். "அவன் ஒருவன்தான் என்னை எந்த வெளிச்சத்தில் காட்டக்கூடாது என்று அறிந்தவன்," என்பார். அவரையே கட்டினார். இத்தாலியில் ஆடுவதும் இங்கே வந்து வாழ்வதுமாக இருந்து, கணவர் படுக்கையில் விழுந்ததும் மேடையை விட்டார். கணவர் போய்ச் சேர்ந்தார். இவர் இங்கேயே தங்கிவிட்டார்.

அவர் எதற்குப் புகழ்பெற்றவர் என்று கேட்டால் வியப்பாக இருக்கும். மௌனத்துக்கு. ஒரு பெண் தனியாக ஆடும் நாடகம் ஒன்று இருந்தது. இறந்துபோன தங்கையின் வீட்டை ஒரு நாள் முழுக்க ஒதுக்கித் துடைத்து, தட்டுமுட்டுச் சாமான்களோடு சண்டை பிடித்து, கடைசியில் கதவுப் பிடியில் கை வைத்தபடி திரும்பி வீட்டைப் பார்ப்பாள். பேசமாட்டாள். அந்தப் பேசாமைக்காகவே சனம் காசு கொடுத்து வந்ததாம். பிறகு ஒரே ஒரு சொல்: "போகிறேன்." கதவு சாத்தும். நாடகம் முடியும்.

குளிர்காலம் தொடங்க அந்த வீடு எனக்குப் பயம் காட்டத் தொடங்கியது. பிற்பகலிலேயே இருட்டிவிடும். நான் போகும்போது விருந்தறையில் கதிரைகள் வரிசையாகப் போடப்பட்டிருக்கும். "யாருக்கு?" என்று கேட்டால் செத்துப்போன நடிகர்களின் பெயர்களைச் சொல்லுவார். சில நாள் ஒரு கதிரை கூடுதலாக இருக்கும். அது யாருக்கு என்று மட்டும் சொல்லமாட்டார். ஒருமுறை அடுப்பில் வெறும் சட்டி சிவந்துபோய் இருந்தது. இன்னொருமுறை வீட்டுச் செருப்போடும் மேடை நகைகளோடும் பனிக்குள் இறங்கி, டிராம் தண்டவாளத்தில் நின்று வணங்கிக்கொண்டிருந்தவரைப் பொலிஸ் கூட்டிவந்தது. டிராம் ஓட்டுநர் கைதட்டினாராம் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மகன் மிலானோவிலிருந்து வந்தார். முதல் கல்யாணத்துப் பிள்ளை, தலை நரைத்தவர், அமைதியான மனிதர். தாயைத் தன்னோடு கூட்டிப்போய், தன் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போவதாகச் சொன்னார். சின்யோரா கோப்பையைத் தூக்கிச் சுவரில் எறிந்தார்.

"நான் நோயாளி இல்லை, நடிகை. நடிகையை மேடையில் சோதிக்க வேண்டும்," என்றார். "அந்த நாடகத்தை இங்கே ஆடுகிறேன். ஒரு இடத்திலாவது மறந்து நின்றால் என்னைப் பெட்டியில் கட்டிக் கொண்டுபோ. நிற்காவிட்டால் இந்த வீட்டில் என்னை விடு."

மகன் ஒப்புக்கொண்டார். இங்குள்ள இத்தாலியர்கள் சிலர் சேர்ந்து குறொன்லாண்ட் பக்கம் ஒரு சிறிய மண்டபத்தை ஒழுங்கு செய்தார்கள். எந்த நாடகத்துக்கும் உள்ளதுபோல வசனம் எடுத்துக்கொடுக்க ஒருவர் வேண்டும், அது மறதிக் கணக்கில் சேராது. சின்யோரா என் பக்கம் விரலை நீட்டினார்.

வீட்டில் இதைச் சொன்னதும் என் கணவர், பஸ் ஓட்டுபவர், சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"உமக்கென்ன விசரே? சுகமில்லாத மனிசியை மேடையில ஏத்தி, ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு?"

"நான் ஏத்தேல்லை. அவ தானா ஏறுறா. நான் பக்கத்தில இருக்கிறன், அவ்வளவுதான்."

"எனக்கென்னவோ இது நல்லாப் படேல்லை," என்றார் அவர். எனக்கும்தான் படவில்லை. ஆனால் அந்த அம்மாவை அந்த வீட்டிலிருந்து யாரும் கிளப்பக்கூடாது என்று நான் அதற்குள் மனதுக்குள் முடிவெடுத்துவிட்டேன். அவர் போனால் நான் யாரோடு பலெர்மோவைக் கதைப்பது? என்னுடைய சுயநலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்திகை விருந்தறையில் நடந்தது. செத்தவர்களின் கதிரைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பிரதியோடு நான் ஒரு முக்காலியில் இருப்பேன். "முதற்சொல்லை மட்டும் கொடு. முழு வசனத்தையும் கொடுத்தால் அது பிச்சை போடுவது," என்பார். நான் அவசரப்பட்டு வாயைத் திறந்தால், திரும்பிப் பாராமலே ஒரு விரலை உயர்த்துவார். தேவையில்லை என்று அர்த்தம். நடிக்கும்போது அவர் வேறு ஆள். காலையில் தன் பற்தூரிகை எது என்று தெரியாதவர், அந்த நாடகத்தின் பக்கங்களை மூச்சுவிடுவதுபோல் சொல்லிக்கொண்டு போவார். நான் மலைத்துப்போய்ப் பிரதியில் இடத்தைத் தவறவிட்டு ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

ஆனால் கடைசி இடத்தில், கதவுப் பிடியில் கை வைத்ததும், நிறுத்திவிடுவார். "சரி, காப்பி போடு," என்பார்.

"அதையும் ஒருக்கால் சொல்லிப் பாருங்கள். ஒரு சொல்தானே?" என்றேன்.

"என் அப்பாவின் குழுவில் கடைசி வசனத்தை ஒத்திகையில் சொல்வதில்லை. அது சனத்துக்கு முன்னால் மட்டும் சொல்லுவது. வெறும் அறைக்கு அதைச் சொன்னால், அந்த அறையில் ஒன்று உண்மையாகவே முடிந்துபோகும்." பிறகு காப்பியைக் கலக்கிக்கொண்டு, "ஒரு பையன் விளையாட்டாகச் சொன்னான். முதற்காட்சிக்கு அவன் இருக்கவில்லை," என்றார். எப்படி இல்லாமல் போனான் என்று நான் கேட்கவில்லை.

அதனால் எனக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. நாடகம் முழுவதும் அவருக்குத் தெரியும் என்று நான் காதால் கேட்டு அறிவேன். அந்த ஒற்றைச் சொல் மட்டும் அவருக்குள் இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா என்று அறிய வழியே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலை முடிந்து புறப்படும்போது நான் எப்போதும் "போய் வருகிறேன்" என்று இத்தாலிய மொழியில் சொல்லிவிட்டுத்தான் வெளிக்கிடுவேன். பலெர்மோவில் அம்மாவோடு வேலை வீடுகளுக்குப் போன காலத்துப் பழக்கம். "போறன்" என்று சொன்னால் அம்மா வாயில் அடிப்பார். இத்தாலியர்களுக்கோ "போய் வருகிறேன்" என்று சொன்னால், முக்குக் கடைக்குப் போய் உடனே திரும்புகிறேன் என்று பொருள். ஒரு வீட்டுக்கார அம்மா நாங்கள் இப்போதே வருவோம் என்று நம்பி, கதவைச் சாத்தாமல் காத்திருந்து அலுத்துப்போய், மறுநாள் எங்களோடு சண்டைக்கு வந்தாள்.

சின்யோராவும் ஒரு நாள் கேட்டார். "நீ ஏன் தினமும் பொய் சொல்கிறாய்? உடனே வருகிறேன் என்கிறாய், நாளைக்குத்தான் வருகிறாய்."

விளக்கினேன். எங்கள் ஆட்கள் வாசலில் நின்று "போகிறேன்" என்று சொல்லமாட்டார்கள், அப்படிச் சொன்னால் திரும்பி வராத பயணம்போல் ஆகிவிடும் என்றேன். செத்த வீட்டில்கூட ஒன்றும் சொல்லாமல் வெளிக்கிடுவோமே தவிர, அந்தச் சொல்லைச் சொல்வதில்லை.

"அப்படியானால் உங்கள் சனம் முழுவதும் கடைசி வசனத்தைச் சொல்லாமலே வாழ்கிறது," என்றார். அன்றிலிருந்து அதைச் சொல்லாமல் என்னைப் போகவிடமாட்டார். கதவுவரை வந்து, சொல்லு சொல்லு என்று நிற்பார். நான் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுப்பார்.

நாடக நாள் ஒரு ஞாயிறு பிற்பகல். மண்டபத்து யன்னல்களில் வெளிச்சம் செத்துக்கொண்டிருந்தது. சனம் வந்து கோட்டுகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்க, என் கணவர் கையில் பூங்கொத்தோடு பக்கக் கதவால் நுழைந்தார். ஊதாச் செவ்வந்தி.

"ஐயோ! உங்களுக்கு எத்தினை தரம் சொன்னனான் ஊதா ஆகாதெண்டு?"

"நீர் சட்டை துலைஞ்ச கதையைத்தான் சொன்னனீர். நிறத்தை ஆர் கவனிச்சது?" என்றார் அந்த மனுசன், ஒன்றும் விளங்காமல்.

நான் அதைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். பிந்திவிட்டது. ஒப்பனையோடு வாசலில் நின்ற சின்யோரா கண்டுவிட்டார். பவுடருக்கு மேலால் முகம் இன்னும் வெளுத்தது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "உன் கணவனா? நல்ல மனிதன். அதை வெளியே வை," என்றார், மெதுவாக. பூவைப் பனிக்குள் வைத்துவிட்டு வந்து முன்வரிசையின் இடது மூலையில் பிரதியோடு இருந்தேன். வலது மூலையில் மகன்.

என்னத்தைச் சொல்ல, அவர் ஆடினார்! வெறும் மேசையும் இரண்டு பெட்டியும் பின்னால் ஒரு கதவும்தான் மேடையில். ஆனால் தங்கையின் வீடு முழுவதும் அங்கே இருந்தது. குசினியின் ஈரம்கூடத் தெரிந்தது. இரண்டு இடங்களில் வசனம் தடுமாறியது. நான் முதற்சொல்லைக் கொடுத்தேன். அவர் அதை யாருக்கும் தெரியாமல் எடுத்து, தான் யோசித்து நின்றதுபோல் ஆக்கிவிட்டார். மகன் முன்னால் சாய்ந்திருந்தார், முகத்தில் ஒரு சிறுபிள்ளையின் ஆசை. அவரும் தாய் வெல்ல வேண்டும் என்றுதான் இருந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு அந்த இடம் வந்தது. கதவுப் பிடியில் கை. திரும்பி வீட்டைப் பார்த்தார். மௌனம்.

மண்டபத்தில் ஒருவரும் இருமவில்லை. மௌனம் நீண்டது. இது அவருடைய பெயர்பெற்ற மௌனமா, அல்லது அந்தச் சொல் போய்விட்டதா? எனக்கு எப்படித் தெரியும்? ஒருநாளும் நான் கேட்டதில்லையே. பிரதியில் என் விரலுக்குக் கீழே அந்தச் சொல் இருந்தது. முதற்சொல்லைக் கொடு என்றால் முதற்சொல்லும் அதுதான், முழு வசனமும் அதுதான். வாயைத் திறந்தேன். வாசலில் நிற்கிற ஒரு வயதான மனுசிக்கு, வெளியே ஊதாப் பூ பனிக்குள் கிடக்க, "போகிறேன்" என்ற சொல்லை நான் எடுத்துக்கொடுப்பதா? நாக்கு எழும்பவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் எழும்பாது.

அவர் வீட்டைப் பார்ப்பதை விட்டு என்னைப் பார்த்தார். மேடையிலிருந்து அவர் யாரையும் பார்ப்பதில்லை. என் மூடிய வாயைப் பார்த்தார்.

"போய் வருகிறேன்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

இத்தாலியர்கள் சிலர் சிரித்தார்கள், கடைக்குப் போகிறவளின் பேச்சல்லவா. சிரிப்பு பாதியில் நின்றுபோனது. எனக்குப் பின்னால் ஒரு பெண் விம்மினாள். பிறகு கைதட்டல் எழுந்தது, எல்லோரும் எழும்பி நின்றார்கள். மகன் மட்டும் எழும்பவில்லை. சாத்திய கதவைப் பார்த்தபடி இருந்தார்.

ஒப்பனை அறையில் மகன் என்னிடம்தான் சொன்னார். "மறந்துவிட்டார். சிறுவயதிலிருந்து திரைக்குப் பக்கத்தில் நின்று நான் கேட்ட ஒற்றைச் சொல்."

"மறக்கவில்லை. மாற்றிச் சொன்னார்," என்றேன்.

"அம்மா ஒரு சொல்லையும் மாற்றுகிறவர் இல்லை. எழுதியவரே மாற்றச் சொல்லிக் கேட்டபோதும் மாற்றாதவர்."

சின்யோரா கண்ணாடிக்கு முன்னால் பவுடரைத் துடைத்துக்கொண்டு, யாரோ ஒருவரைப் பற்றிய கதைபோல் கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்களே சொல்லுங்கள்! மறந்தீர்களா?" என்று நான் கத்தினேன். "காப்பி இருக்கிறதா?" என்றார். பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. மகன் வெளியே ஒழுங்கைச் சுவரில் நெற்றியை வைத்து அழுதார். அவரில் எனக்கு வந்த கோபத்தை அதன் பிறகு எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. சிவந்த சட்டியும் டிராம் தண்டவாளமும் பொய்யில்லையே.

பெட்டி கட்டிய நாட்களில் சின்யோரா கதிரைகளை வரிசையில் வைக்கவில்லை. வேலை முடிந்து நான் வெளிக்கிடும்போது கதவுவரை வந்தார், ஆனால் சொல்லு சொல்லு என்று கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

புறப்படும் நாள் காலை, கீழே டாக்சி நின்றது. மகன் பெட்டிகளோடு முதலில் இறங்கிவிட்டார். நான் சின்யோராவுக்குக் கோட்டு மாட்டி, சப்பாத்துக் கட்டிவிட்டு, லிஃப்டைக் கூப்பிட்டு அதன் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு நின்றேன். அவர் வீட்டு வாசலில் வந்து, கதவுப் பிடியில் கை வைத்தார். திரும்பி வீட்டைப் பார்த்தார்.

விருந்தறை வெறுமையாக இருந்தது. கேட்க ஒரு சனமும் இல்லை. அந்த மௌனத்தை அப்போதுதான் நான் உண்மையில் கண்டேன். மண்டபத்தில் கண்டது இதில் பாதியும் இல்லை. சொல்லுங்கள், அன்றைக்குச் சொன்னதையே சொல்லுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். பொறுக்க முடியாமல் முதற்சொல்லையும் எடுத்துக்கொடுத்தேன்.

"போய்…"

திரும்பிப் பாராமலே ஒரு விரலை உயர்த்தினார். தேவையில்லை.

"போகிறேன்," என்றார். கடைசி வரிசைக்கும் கேட்கிற குரல். நடுக்கமில்லை, தேடலில்லை. அந்தச் சொல் அவரிடம் எப்போதும் இருந்திருக்கிறது.

என்னைக் கடந்து லிஃப்டுக்குள் போனார். நான் காலை எடுத்துவிட்டேன். அதன் பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது, அதுவும் தமிழில். "ஐயோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ! போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ!" அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நான் சொன்ன நாட்களில் ஆட்டியதைப்போல. லிஃப்டின் கதவு மூடியது.

திறப்பு என்னிடம் இருந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான் மிச்ச வேலை. நான் கதவைச் சாத்தாமல், பலெர்மோவின் அந்த வீட்டுக்கார அம்மாவைப்போல, அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.